உயிர்த்தெழுதலை ஐம்பது நாள் வாசிப்பது எப்படி?

பெரிய வெள்ளிக்கு நாம் நாற்பது நாள் தயாராகிறோம். லெந்து என்னும் தவக்காலக் கூட்டங்கள், உபவாசம், சிலுவைப்பாதை, கடைசியில் ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் மும்மணி ஆராதனை. ஆனால் ஈஸ்டர் அன்று விடியற்கால ஆராதனைக்குப் போய் வந்து, மதியம் பிரியாணி சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால் பண்டிகை முடிந்துவிடுகிறது. திங்கட்கிழமை அதே கவலை, அதே கோபம், அதே நாம். திருச்சபை நாட்காட்டியைப் பார்த்தால் ஈஸ்டர் ஒரு நாள் இல்லை, பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாள் வரைக்கும் 50 நாள். அந்த நாட்களை அப்படியே விட்டுவிடுவதால்தான் உயிர்த்தெழுதல் நமக்குத் தெரிந்த செய்தியாக இருக்கிறதே தவிர, நம்மை உலுக்குகிற செய்தியாக இல்லை என்று நான் நினைக்கிறேன்.

செய்ய வேண்டியது இதுதான்: மாற்கு, லூக்கா, யோவான் சுவிசேஷங்களின் கடைசிப் பகுதிகளை, வாரத்துக்கு ஒரு காட்சி என்று, வாய்விட்டு வாசிக்க வேண்டும். மனதுக்குள் வாசித்தால் கண் நமக்குத் தெரிந்த முடிவுக்கு ஓடிவிடும், வாய்விட்டு வாசிக்கும்போது அந்த வேகம் குறையும். ஒரே பகுதியை ஏழு நாளும் வாசியுங்கள். நான்காவது நாள் போரடித்தாலும் விடாதீர்கள், பெரும்பாலும் அதற்கப்புறம்தான் ஏதாவது கண்ணில் படும்.

மாற்கு 16-இல் தொடங்குங்கள், எட்டாம் வசனத்தோடு நிறுத்துங்கள். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகளிலும் மாற்கு அங்கேதான் முடிகிறது. அந்தப் பெண்கள் இயேசுவின் கல்லறைக்குச் சுகந்தவர்க்கங்களோடு போனது ஒரு பிரேதத்துக்குப் பூச. வழியெல்லாம் அவர்களுக்கு இருந்த கவலை, கல்லை யார் புரட்டித் தருவார்கள் என்பது. உயிர்த்தெழுதலை எதிர்பார்த்து ஒருவர்கூட அங்கே போகவில்லை. கல் புரண்டிருக்கிறது, அவர் எழுந்துவிட்டார் என்ற செய்தியும் கிடைக்கிறது, ஆனால் நடுக்கமும் திகிலும் பிடித்து ஓடுகிறார்கள், ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. இந்தப் பயத்தைத் தாண்டி உடனே அல்லேலூயாவுக்குப் போய்விடாதீர்கள். மரித்த ஒருவர் உண்மையிலேயே எழுந்துவிட்டார் என்றால் உலகத்தில் இனி எதையும் முடிந்துபோனது என்று நாம் சொல்ல முடியாது. அது முதலில் பயமுறுத்தத்தான் செய்யும். ஒரு வாரம் முழுக்க அந்தப் பயத்தோடு இருந்து பாருங்கள்.

அடுத்த வாரம் யோவான் 20, மகதலேனா மரியாள். இயேசு எதிரிலேயே நிற்கிறார், அவளோ தோட்டக்காரன் என்று நினைத்து, உடலை எங்கே வைத்தீர் என்று கேட்கிறாள். அவர் பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் அவளுக்குத் தெரிகிறது. அந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்தி, உங்கள் பேரை அவர் கூப்பிடுவதாக நினைத்துக் கொஞ்ச நேரம் அமைதியாக இருங்கள். இந்த வருடம் வீட்டில் யாரையாவது பறிகொடுத்திருந்தால் சந்தோஷப்பட உங்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள், மரியாள் அழுதுகொண்டிருக்கும்போதுதான் அவர் வந்தார், ஏன் அழுகிறாய் என்று கேட்டாரே தவிர, அழுததற்காக அவளைக் கடிந்துகொள்ளவில்லை.

லூக்கா 24-ஐத் தனியாக வாசிக்க வேண்டாம். எருசலேமிலிருந்து எம்மாவு ஏறத்தாழ 11 கிலோமீட்டர், இரண்டு பேர் தங்கள் ஏமாற்றத்தைப் பேசிக்கொண்டே நடக்கிறார்கள், இயேசுவும் கூடச் சேர்ந்து நடக்கிறார், ஆனால் அவர் யாரென்று அவர்களுக்குத் தெரியவில்லை. நீங்களும் நம்பிக்கையான ஒருவரோடு சாயங்காலம் நடந்துகொண்டே, கடவுள் செய்வார் என்று காத்திருந்து நடக்காமல் போனதை வெளிப்படையாகப் பேசுங்கள், அப்புறம் சேர்ந்து சாப்பிடுங்கள். ‘சாயங்காலமாயிற்று, தங்கியிரும்’ என்று அவரை வருந்திக் கேட்டுக்கொண்ட அதே இரண்டு பேர், அப்பம் பிட்கையில் அவரை அறிந்ததும் அந்த இரவிலேயே எழுந்து எருசலேமுக்குத் திரும்பி நடந்தார்கள். எனக்கு இந்த அதிகாரத்திலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

சந்தேகம் இருக்கிறதா? யோவான் 20-இன் கடைசியில் வரும் தோமாவுக்கு ஒரு வாரம் கொடுங்கள். அவரைச் சந்தேகக்காரர் என்று சொல்லியே பழகிவிட்டோம், ஆனால் மற்ற சீஷர்கள் ஏற்கெனவே பார்த்ததைத்தான் அவரும் கேட்டார். கைகளையும் விலாவையும் இயேசு முதலில் காட்டியது அவர்களுக்குத்தானே. முக்கியமான விஷயம், நம்பாமல் இருந்த அந்த எட்டு நாளும் தோமா அவர்களை விட்டுப் போய்விடவில்லை. உங்கள் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், சபைக்குப் போவதை மட்டும் நிறுத்தாதீர்கள். சென்னையில் இருப்பவர்கள் ஒருநாள் பரங்கிமலைக்குப் போகலாம், தோமா இரத்தசாட்சியாக மரித்தது அங்கேதான் என்பது நம் மரபு. ‘என் ஆண்டவரே! என் தேவனே!’ என்ற அவருடைய அறிக்கையை அங்கே நின்று ஜெபமாகச் சொல்வது நல்லது.

யோவான் 21-க்கு வரும்போது வாசிப்போடு ஒரு செயலும் வேண்டும். பேதுரு மறுதலித்த இரவில் ஒரு கரிநெருப்பு எரிந்தது, திபேரியா கடற்கரையில் இயேசு மீன் வைத்திருந்ததும் ஒரு கரிநெருப்பின் மேல்தான். மூன்று முறை மறுத்தவனிடம் மூன்று முறை, என்னை நேசிக்கிறாயா என்று கேட்டு, ஆடுகளை மேய்க்கச் சொல்கிறார். பழையதை அவர் துடைத்துப்போடவில்லை, அவருடைய சொந்தக் காயங்களும் உயிர்த்த உடலில் இருந்தனவே! புது வாழ்வு என்றால் பழைய காயமே இல்லாத வாழ்வு என்று நினைத்துத்தான் நிறைய பேர் சோர்ந்துபோகிறார்கள். இந்த வாரம், பேச்சுவார்த்தை நின்றுபோன சொந்தக்காரர் ஒருவரிடம் போய்ப் பேசுங்கள். போன் போதாது, முடிந்தால் நேரில் போங்கள்.

மிச்ச நாட்களுக்கு ரோமர் 6, அப்புறம் 1 கொரிந்தியர் 15. அப்போஸ்தலர் பவுல் கொரிந்தியருக்கு இந்தக் கடிதத்தை எழுதியது சிலுவைக்கு இருபது, இருபத்தைந்து வருடத்துக்குள். உயிர்த்த இயேசு ஐந்நூறு பேருக்கு அதிகமான சகோதரருக்கு ஒரே வேளையில் தரிசனமானார், அவர்களில் அநேகர் இந்நாள்வரைக்கும் இருக்கிறார்கள் என்கிறார், அதாவது கேட்க விரும்பினால் போய்க் கேட்கலாம். ‘மரணமே! உன் கூர் எங்கே?’ என்ற வசனத்தை நாம் பெரும்பாலும் அடக்க ஆராதனையில்தான் கேட்கிறோம். ஈஸ்டர் விடியலில் கல்லறைத் தோட்டத்தில் கூடி ஜெபிக்கிற சபைகள் பல உண்டு, ஆனால் நான் சொல்வது யாரும் வராத ஒரு சாதாரண நாளைப் பற்றி. அன்றைக்கு உங்கள் அப்பாவோ பாட்டியோ இருக்கிற கல்லறைக்குப் போய், அந்த அதிகாரத்தை முதலிலிருந்து கடைசிவரை சத்தமாக வாசியுங்கள்.

நடுவில் சில நாள் விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள், பழைய கணக்கைத் தீர்க்கப் பார்க்காதீர்கள். இந்த வருட ஈஸ்டர் கடந்துவிட்டதே என்றாலும் பரவாயில்லை, ஒவ்வொரு ஞாயிறும் உயிர்த்தெழுந்த நாள்தான், வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மாற்கு 16-ஐத் திறந்துவிடலாம்.