பைக்கில் மூட்டை கட்டுவதற்கு முன்னால்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, விடிந்தும் விடியாத நேரம். பரனூர் டோல்கேட் தாண்டி ஒரு டீக்கடையில் நின்றிருந்தேன். மூன்று பைக்குகளில் மூன்று தம்பிகள் வந்து இறங்கினார்கள். கொடைக்கானல் போகிறார்களாம். மூன்று வண்டியிலும் பின்கேரியரில் பெரிய டிரெக்கிங் பை, செங்குத்தாக நிற்கவைத்து, கொக்கி போட்ட எலாஸ்டிக் கயிற்றால் கட்டியிருந்தது. ஒரு பையின் வார் நுனி பின்சக்கரத்துக்கு ஒரு சாண் மேலே ஆடிக்கொண்டிருந்தது.

"தம்பி, அந்த வாரை மடிச்சு உள்ள சொருகிடுங்க" என்றேன்.

"டைட்டாதாண்ணா இருக்கு" என்று பதில் வந்தது. நானும் ஒரு காலத்தில் இதையேதான் சொன்னேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஹெல்மெட், லைசென்ஸ், தண்ணீர் பாட்டில் எல்லாம் நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை.

மூட்டை எங்கே உட்கார்ந்திருக்கிறது?

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். ஆடி மாதம். சென்னையிலிருந்து நாகர்கோவில் நண்பன் வீட்டுக்குக் கிளம்பினேன், சுமார் 700 கிலோமீட்டர். 150 சிசி வண்டி. அந்தத் தம்பிகள் கட்டியது போலவேதான் பையைக் கட்டியிருந்தேன். ஒரு படி மேலே போய், அழகு கெடுகிறது என்று, பின்சக்கரத்தில் துணி சிக்காமல் தடுக்கும் சேலை கார்டைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டேன். நாமோ சேலை கட்டப் போவதில்லை, அது எதற்கு என்ற மேதாவித்தனம்.

திருநெல்வேலி வரை ஒரு குறையும் இல்லை. பணகுடி தாண்டியதும் காற்று பிடித்துக்கொண்டது. மேற்கே மலையை விட்டு இறங்கிவரும் பருவக்காற்று அந்தப் பக்கம் எப்படி வீசும் என்று முப்பந்தலைச் சுற்றி நிற்கும் காற்றாலைகளைக் கேட்டால் சொல்லும். தெற்கே போகிறவனுக்கு அது வலப்பக்கத்திலிருந்து அறையும். ஆடிக்காற்று அம்மியை நகர்த்துமோ என்னவோ, என் பையை நகர்த்திவிட்டது. முதலில் ஹேண்டில் லேசாக ஆடியது. டயரில் காற்று குறைந்துவிட்டது போல என்று நினைத்தேன், நிறுத்தவில்லை. இன்னும் அரை மணி நேரத்தில் நண்பன் வீட்டில் சாப்பாடு. யார் நிறுத்துவார்கள்?

காவல்கிணறு வருவதற்குள் பை இடது பக்கம் சரிந்து, அதன் வார் செயினுக்குள் போய், செயின் ஓடும் பல்சக்கரமான பின் ஸ்பிராக்கெட்டில் சுற்றிக்கொண்டது. சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. பின்னால் லாரி எதுவும் வராததால் இதை உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். தேய்த்துக்கொண்டே போய் ரோட்டோர மண்ணில் சாய்ந்தேன். முழங்கையில் தோல் போனதோடு சரி. குட்டி யானை பிடித்து நாகர்கோவிலுக்கு வண்டியை ஏற்றிப்போனது, செயின் ஸ்பிராக்கெட் செட், இண்டிகேட்டர், மட்கார்டு என்று 5,000 ரூபாய்க்கு மேல் போனது. இரண்டு நாள் பயணமும் போனது. கன்னியாகுமரியை அந்த முறை நான் பார்க்கவே இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் அந்த வாரை மடித்துச் சொருக எனக்குப் பத்து விநாடி ஆகியிருக்கும்.

வாரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வண்டி ஆட ஆரம்பித்ததே பை இருந்த இடத்தால்தான். பின்சக்கர அச்சுக்குப் பின்னால் தொங்கும் கனம், கிணற்று ஏற்றத்தில் ஆள் பின்னால் நகர்ந்தால் முன்னால் சால் எழும்புவது போல, முன்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். முன்சக்கரத்தின் பிடி குறையும், ஹேண்டில் லேசாகிவிடும். அதன் மேல் பை உயரமாக நின்றால் பக்கக்காற்றுக்கு அது பாய்மரம். பாம்பன் சாலைப் பாலத்திலும் இதே விளையாட்டை அனுபவிக்கலாம்.

இப்போது நான் செய்வது இது. டூல்ஸ், பூட்டுச் சங்கிலி, செயினுக்குப் போடும் எண்ணெய் போன்ற கனமான சாமான் எல்லாம் இரண்டு பக்கமும் தொங்கும் பைகளில், முடிந்த அளவு முன்னால் தள்ளி, அடியில். இரண்டு பையையும் வீட்டு எடை மெஷினில் வைத்து ஒரே கனமா என்று பார்த்துக்கொள்வேன். சைலன்சர் பக்கத்துப் பை பாரத்தில் தொய்ந்து சூட்டில் படாமல் இருக்கவேண்டும், வண்டியில் உட்கார்ந்து குதித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். துணி போன்ற லேசான சாமான் சீட்டின் மேல், படுக்கை வசத்தில். நிற்கவைப்பது கிடையாது. கேரியர் எத்தனை கிலோ தாங்கும் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். எடுத்துப் பாருங்கள், நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

கட்டுவதற்குப் பக்கிள் வைத்த பட்டை பெல்ட். எலாஸ்டிக் கயிறு இழுபடுவதற்கென்றே செய்தது, ஒவ்வொரு பள்ளத்திலும் அது தன் வேலையைச் செய்யும். மீந்த நுனிகளைச் சுருட்டி டேப் ஒட்டிவிடுவேன். கிளம்பி 20, 30 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி மறுபடி இறுக்குவேன், அதற்குள் துணி அமுங்கி பெல்ட் தளர்ந்திருக்கும். சேலை கார்டு? அதைத் தொடுவதே இல்லை.

அப்புறம், டயர் காற்று. செயின் கவர் மேலோ, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும்: தனியாகப் போனால் இவ்வளவு, பின்னால் ஆள் இருந்தால் இவ்வளவு. 20 கிலோ மூட்டையை ஓர் ஆளாகவே கணக்கில் வையுங்கள். பின் ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்கையும் ஒன்றிரண்டு பல் ஏற்றி இறுக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பின்பக்கம் அமுங்கி, ஹெட்லைட் மரத்தில் இருக்கும் காக்கையைத் தேடும். எதிரே வருகிறவர் நம் குடும்பத்தையே விசாரிப்பார்.

பஞ்சர் கிட்

ஸ்போக் சக்கரம் போட்ட வண்டியை வைத்துக்கொண்டு டியூப்லெஸ் பஞ்சர் கிட்டோடு கிளம்பும் ஆட்களை ஒவ்வொரு பயணத்திலும் பார்க்கிறேன். திரி சொருகும் அந்த வித்தை டியூப் உள்ள டயரில் பலிக்காது. ஸ்போக் சக்கரங்களில் பெரும்பாலானவை டியூப் போட்டவைதான், உங்களுடையது எது என்று முதலில் பாருங்கள். டியூப் என்றால் மாற்று டியூப், டயர் லீவர் இரண்டு, ஆக்சில் நட்டுக்குச் சரியான ஸ்பானர், காற்றடிக்கப் பம்ப். வீட்டு வாசலில் ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். முதல் தடவை இரண்டு மணி நேரம் ஆகும், நடுரோட்டில் ஆவதற்கு வாசலில் ஆகட்டும்.

ரெயின்கோட் பையின் அடியில்

மழை வந்த பிறகு பையைத் திறந்தால் மொத்தமும் நனையும். கைக்கு எட்டும் இடத்தில், தனியாக வையுங்கள். மேலே போர்த்துகிற போஞ்சோ வேண்டவே வேண்டாம், காற்றில் பறந்து சக்கரத்தைத் தேடிப் போகும். பைக்கு மேலே போடும் மழை உறையையும் நான் நம்புவதில்லை. துணியைக் கனமான பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி உள்ளே வைத்துவிடுவேன், வெளியே பை நனைந்தால் நனையட்டும்.

கிளட்ச் கேபிள்

ஒன்று கூடுதலாக. பையில் வேண்டாம், வண்டியில் இருக்கும் கேபிளை ஒட்டியே வைத்து டேப் சுற்றிவிடுங்கள். அறுந்தால் இரண்டு முனையை மட்டும் மாற்றினால் போதும்.

தோளில் லேப்டாப் பை

மூன்றாவது மணி நேரத்தில் கழுத்து சொல்லும்.

டாக்குமெண்ட்

டிஜிலாக்கரில் இருப்பது செல்லும். போன் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தால் எதைக் காட்டுவீர்கள்? ஒரிஜினலும் இருக்கட்டும், ஜிப் கவரில்.

புது பூட்ஸ்

பழசைப் போடுங்கள்.

ஜீன்ஸ்

ஒன்று. அதுவும் போட்டிருப்பது.