மிலானீஸை வாசிக்க ஒரு குறுக்குவழி

மிலான் நகரத்தின் மிலானீஸ் மொழியை இத்தாலியன் மாதிரி வாசித்தால் பாதி தப்பாகிவிடும். கார்லோ மரியா மாஜ்ஜி, கார்லோ போர்த்தா போன்ற கவிஞர்கள் கையாண்ட பழைய எழுத்துமுறையில் உயிரெழுத்துகளை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்.

மேலே கோடு போடாத 'ஓ' (o) எழுத்து பெரும்பாலும் 'உ'தான். கோடு போட்டிருந்தால் (ò) மட்டும் வாயைத் திறந்து 'ஒ'. 'யூ' (u) எழுத்துக்கு, உதட்டைக் குவித்துக்கொண்டு 'ஈ' சொல்லுங்கள். 'ஓ-ஈ-யூ' (oeu) மூன்றும் சேர்ந்து வந்தால், அதே குவிந்த உதட்டோடு 'ஏ'. பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு இது சுலபம்.

அப்புறம் 'என்' (n) எழுத்து. சொல்லின் கடைசியில் ஒற்றை 'என்' வந்தால் முழுசாக ஒலிக்காது, முன்னால் உள்ள உயிர் நீண்டு மூக்கில் போகும். இரட்டை 'என்' என்றால் குறுகிய உயிரும் தெளிவான 'ன்'னும். ஒற்றை எழுதினால் (pan) ரொட்டி, இரட்டை எழுதினால் (pann) துணி. 'பான்', 'பன்' என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஓர் எழுத்தை விட்டால் பொருளே மாறிவிடும்.

பனெத்தோனே (panettone) கேக்கின் பெயரில் பழகிப் பாருங்கள். மிலானீஸில் கடைசி 'ஈ' (e) எழுத்து கிடையாது; 'ஓ-என்' (on) என முடியும், வாயில் வருவது 'பனெத்தூ(ன்)'.