ஏ.சி. படப்பிடிப்புத் தளத்தில் மிருதங்கம்: சேலத்திலிருந்து டிவி கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு

ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ் பிடித்தால் விடியுமுன் சென்ட்ரலில் இறங்கிவிடலாம். ஏழு மணிக்கு வரச் சொன்னார்களே என்று ஏழரைக்குப் பாட்டை எதிர்பார்க்காதீர்கள். விளக்கு, கேமரா, மைக் எல்லாம் ஒத்துவர மதியமாகிவிடும். அதற்குள் கெட்டுப்போவது பெரும்பாலும் வாத்தியம்தான்.

சேலத்தை ஒட்டிய ஏற்காட்டு மலையில் கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்து ஈரக்காற்றில் மிருதங்கத் தோல் தளர்ந்து கிடக்கும். ஏ.சி.யின் வறண்ட காற்று பட்டதும் அதே தோல் இறுகி, சுருதி ஏறிவிடும். அதனால் மேக்கப் அறையில் உட்கார்ந்து சுருதி சேர்ப்பது வீண் வேலை. உறையைக் கழற்றி, தளத்திலேயே ஒரு மணி நேரம் வாத்தியத்தை வைத்துவிட்டு, பிறகு சுருதி சேர்க்கும் கல்லை எடுங்கள். விளிம்பை மேலிருந்து தட்டினால் சுருதி ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும். தொப்பிக்கு, அதாவது இடப்பக்கத் தோலுக்கு, ரவையை முன்கூட்டியே அப்பிவிடாதீர்கள். விளக்குச் சூட்டில் அது காய்ந்தால் 'தொம்' என்ற கும்கி, அந்தக் கனத்த ஒலி, வராது, வெறும் தட்டல்தான் கேட்கும். டேக்குக்குப் பத்து நிமிடம் முன் பிசைந்து ஒட்டுங்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் இருக்கட்டும், கேமராவில் படாத இடத்தில். வயலின்காரர் தந்தியை முறுக்கும் பிருடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வறண்ட காற்றில் மரம் சுருங்கினால் அது வழுக்கும். கொஞ்சம் சாக்பீஸ் தேய்த்தால் பிடித்துக்கொள்ளும்.

சேலத்துக்காரர் கை வெண்பட்டுக்குத்தான் போகும். கேமராவில் அது வெளிறிப் பூத்து முகத்தை இருட்டாக்கும். சந்தன நிறம் நல்லது. பொடிக்கோடு போட்ட சட்டை திரையில் நெளியும். காலர் மைக்கின் பெட்டியை வேட்டி மடிப்பில் செருகினால் பாதிப் பாட்டில் நழுவும். உள்ளே பெல்ட் கட்டுங்கள். ஜரிகை முந்தானை மைக்கில் உரசினால் சரசரக்கும். தட்டுவடை செட்டை ஊரிலேயே முடித்துக்கொள்ளுங்கள், பூண்டுச் சட்னி ஏப்பத்தையும் அந்த மைக் விடாது.

முன்பே பதிவான பின்னணி இசையை (டிராக்) போட்டுப் பாடுவதாக இருந்தால், அதை 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாகக் கொடுங்கள். 44.1-ல் பதிவானதை மாற்றாமல் 48 வேகத்தில் ஓட்டிவிட்டால் சுருதி முக்கால் கட்டை ஏறிவிடும். பழி பாடகர் தலையில் விழும். சுருதிப் பெட்டியை பேட்டரியில் ஓட்டுங்கள், அடாப்டர் இரையும்.

மறு டேக் மூன்று நான்கு ஆகலாம். விபூதி, பூ, கைக்கடிகாரம் எதையும் நடுவில் மாற்றாதீர்கள், வெட்டி ஒட்டும்போது தெரிந்துவிடும். பான் அட்டை நகல் கையில் இருக்கட்டும், சன்மானத்தில் வரி (டிடிஎஸ்) பிடிப்பார்கள்.

முடிந்ததும் முதல் வேலையாகத் தொப்பி ரவையைச் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்துவிட்டு உறையில் போடுங்கள். ராத்திரி ரயிலில் அது காய்ந்து இறுகினால், மறுநாள் சுரண்டும்போது தோலும் உரிந்து வரும்.