இணைய வானொலியைக் கணினியில் பதிவுசெய்ய

மைக்கை ஸ்பீக்கர் முன்னால் வைத்துப் பதியாதீர்கள். மின்விசிறிச் சத்தமும் சேர்ந்தே ஏறும். விண்டோஸ் கணினியில் ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருள் போதும். அதன் ஆடியோ செட்டப்பில் ஹோஸ்ட்டை 'விண்டோஸ் வாசாபி' என மாற்றி, ரெக்கார்டிங் டிவைஸில் உங்கள் ஸ்பீக்கர் பெயரோடு 'லூப்பேக்' (கணினியில் ஓடும் ஒலியையே நேரடியாகப் பிடிப்பது) என்றிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். சேனல் ஸ்டீரியோ. பிரவுசரில் வானொலியை ஓடவிட்ட பிறகே சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள். கணினியில் ஒலியே இல்லாதபோது லூப்பேக் பதிவு நகராது. பலரும் பழுதென்று நினைப்பது இதைத்தான்.

ஆடாசிட்டியின் ஒலி மீட்டரில் உச்சம் -6 டெசிபலைத் தாண்டினால் பிளேயரின் ஒலியளவைக் குறையுங்கள். பதிந்தபின் குறைத்தால் சிதைந்த ஒலி திரும்பாது. வாட்ஸ்அப் அறிவிப்புச் சத்தமும் பதிவில் விழும், அணைத்துவிடுங்கள். 44,100 ஹெர்ட்ஸ், 32 பிட் ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1.27 ஜிபி இடம் பிடிக்கும். முடிந்ததும் எம்பி3 ஆக்குங்கள். 128 கேபிபிஎஸ் தரத்தில் அதே ஒரு மணி நேரம் 58 எம்பிதான்.

வானொலியைப் பதிவதுபோல ஓடிடி படங்களையும் திரைப்பதிவு செய்தால் பெரும்பாலும் கறுப்புத் திரைதான் மிஞ்சும். அது காப்புரிமைப் பூட்டின் வேலை, மென்பொருளின் குறையல்ல. அங்கே செயலியிலுள்ள டவுன்லோட் வசதியே நேர்வழி.