தேர்வெழுத வருவதாகச் சொன்னவர்கள் ஏன் நழுவினார்கள்?

பார்வையற்ற கல்லூரி மாணவர்கள் விடை சொல்ல, அதைக் கேட்டு அவர்களுக்காகத் தேர்வெழுத ஆள் சேர்ப்பது சென்னையில் என் பொறுப்பு. வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல்கள் குவியும். தேர்வுக்கு முந்தைய இரவு ஒவ்வொருவராக 'சாரி' என்பார்கள். நினைவூட்டல் அனுப்பினேன், சான்றிதழ் தருவதாகச் சொன்னேன், மாதக் கூட்டம் வைத்தேன். கூட்டத்துக்கே ஆள் வரவில்லை.

அப்புறம் விலகியவர்களைத் தாள்வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். ஆங்கிலவழித் தாளுக்கு அநேகமாக யாரும் நழுவவில்லை. நழுவல் எல்லாம் தமிழ்வழித் தாள்களில்! எழுத வருபவர்கள் நிரப்பும் படிவத்தில் 'தமிழ் தெரியுமா?' என்றுதான் இருந்தது. தெரியும்தான். ஆனால் பள்ளியை விட்டபின் தமிழைக் கையால் எழுதாதவர்கள் பலர். மூன்று மணித் தேர்வு, மணிக்கு 20 நிமிடம் கூடுதல் என்றால் நான்கு மணி நேரம் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். வெளியே சொல்லக் கூச்சம்.

இப்போது பதிவு செய்யும்போதே, யாராவது வாசிக்கக் கேட்டுத் தமிழில் அரைப்பக்கம் எழுதிப் படம் அனுப்பச் சொல்கிறேன். தயங்குபவர்களுக்குப் பாடநூலை ஒலிப்பதிவு செய்யும் வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம். மாதாமாதம் வருவீர்களா என்று கேட்பதையும் விட்டேன். ஒரு தேர்வு, ஒரு தேதி, முடியும் நேரம், அவ்வளவுதான் செய்தி. இந்தப் பருவத்தில் ஆள் நிற்கிறார்கள், அப்பாடா. புள்ளியியல் தாளுக்கு மட்டும் அட்டவணை போடத் தெரிந்தவரை இன்னும் தேடுகிறேன்.