கரியை ஒரு பக்கம் குவித்தேன், கோழி சரியாக வெந்தது

கோடையில் நண்பர்களைக் கூப்பிட்டு வீட்டுப் பின்புறம் பார்பிக்யூ போடும்போதெல்லாம் ஒரே தொல்லை. கோழிக்கால் வெளியே கருகிவிடும், எலும்பை ஒட்டிய சதை பச்சையாகவே இருக்கும். எல்லாரும் பேசிச் சிரித்துக்கொண்டிருக்க, நான் மட்டும் புகையில் நிற்பேன்.

கரியை அடுக்கும் விதத்தை மாற்றியதும் இது சரியானது. அடுப்பு முழுக்கப் பரப்பாமல் எல்லாக் கரியையும் ஒரு பக்கம் குவிக்கிறேன், மறுபக்கம் காலி. கரிமேல் சாம்பல் படரும்வரை, சுமார் 20 முதல் 30 நிமிடம், எதையும் வைப்பதில்லை. கோழியை முதலில் காலிப் பக்கத்தில் வைத்து மூடிவிடுவேன். நிதானமாக உள்வரை வேகும். மூடியின் காற்றுத் துளை திறந்தே இருக்கட்டும், இல்லையென்றால் கரி அணைந்துவிடும். அப்புறம் கடைசியில் கரிக்கு மேலே நகர்த்தி, தோல் சிவக்கப் புரட்டினால் போதும். கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான கொழுப்பு தெறிக்கும். கோழித் துண்டைக் காலிப் பக்கம் தள்ளினாலே அடங்கிவிடும். இனிப்பு சாஸ் தடவுவது, கோழியை இறக்குவதற்குச் சில நிமிடம் முன்புதான். சர்க்கரை சீக்கிரம் கருகும்.

வெந்ததா என்று நிறம் பார்த்து முடிவு செய்வதில்லை. குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று கட்டாயம் வாங்குங்கள். எலும்பைத் தொடாமல் தடித்த இடத்தில் குத்தி, 74 டிகிரி செல்சியஸ் காட்டினால் எடுக்கலாம். பச்சைக் கோழி இருந்த தட்டு வேறு, வெந்தது வைக்கும் தட்டு வேறு.

மூடி போட்டபின் பக்கத்திலேயே நிற்கத் தேவையில்லை. அடுப்பின் மேல் ஒரு கண் வைத்தபடி நானும் நண்பர்களோடு உட்கார்ந்துவிடுகிறேன்.