தூண்டில் போட வர்ற தம்பிங்களே, இந்தத் தப்ப மட்டும் பண்ணாதீங்க

போன சனிக்கிழமை நம்ம சிங்கப்பூர்ல லோவர் சிலேத்தார் ரிசர்வாயர்ல (நீர்த்தேக்கம்) ரெண்டு தம்பிங்க புது ராடோட வந்து, மீன்பிடி பகுதியைத் தாண்டிப் போய் நின்னு வீசிட்டு இருந்தாங்க. பார்த்ததும் பதறிட்டேன், ஒரு காலத்துல நானும் அப்படித்தான் நின்னேன். முடிச்சு போடறது, ராட் பிடிக்கிறது எல்லாம் சொல்லப்போறதில்ல, கை பழகினா வந்துடும்.

"தடைன்னு போர்டு இல்லையே"

இன்னைக்கும் எனக்கு எரிச்சல் வர்றது இதுலதான். நம்ம ரிசர்வாயர்ல கணக்கே வேற, எங்க தடைன்னு தேடக்கூடாது, எங்க அனுமதின்னு தேடணும். குறிச்சு விட்ட கரையில மட்டும்தான் போடலாம், மிச்சம் எல்லாம் தடை, போர்டு இருந்தாலும் சரி இல்லாட்டியும் சரி. கால்வாயும் அப்படித்தான். நான் தப்பு பண்ண அன்னைக்கு ஒரு கால்வாய் ஓரமா நின்னேன், பக்கத்துல ஒரு சீன அங்கிள், பல வருஷமா இங்கதான் போடறேன்னாரு, அவரே நிக்கிறாரேன்னு நானும் தோமான் மீன் கடிக்கும்னு காத்துட்டு இருந்தேன். அதிகாரி வந்தாரு, ஐசி (அடையாள அட்டை) கேட்டாரு, எழுதிட்டுப் போயிட்டாரு. போர்டு இல்லையேன்னு எவ்வளவோ பேசிப் பார்த்தேன், எடுபடல. அப்புறம் வீட்டுக்கு அபராத லெட்டர். ஊர்ல அம்மாவுக்கு அனுப்ப வச்சிருந்த காசை எடுத்துதான் கட்டினேன், அது இன்னும் மனசுல உறுத்துது. சட்டப்படி அபராதம் 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரைக்கும் போகலாம் தம்பி. பக்கத்துல ஒருத்தர் நிக்கிறாருங்கிறது அனுமதி ஆகாது, கிளம்புறதுக்கு முன்னாடி பியுபி (தண்ணீர் வாரியம்) வெப்சைட்ல எந்தக் கரைன்னு பாத்துட்டு வாங்க.

உயிருள்ள இரை

ரிசர்வாயர்ல லூர் (செயற்கை இரை) மட்டும்தான், நாம குடிக்கிற தண்ணி அது. புழு, இறால் போடணும்னு ஆசையா இருந்தா பிடோக் ஜெட்டிக்குப் போங்க, அது கடல்.

வலை, புபு (மீன் பிடிக்கிற கூண்டு)

வேண்டாம்.

வீட்டு மீனைக் கொண்டுவந்து விடறது

பாவம் பார்த்து விடறாங்க, ஆனா அதுவும் குற்றம். பீகாக் பாஸ் தென் அமெரிக்க மீன், யாரோ கொண்டுவந்து விட்டுத்தான் நம்ம ரிசர்வாயர்ல பெருகிக் கிடக்கு.

உரிமை தெரியாம ஒதுங்கிப் போறது

பொழுதுபோக்குக்குத் தூண்டில் போட சிங்கப்பூர்ல லைசன்ஸ் எல்லாம் கேக்கமாட்டாங்க. குறிச்ச பகுதிக்குள்ள நிக்கும்போது நடந்து போறவங்க யாராவது சத்தம் போட்டா, பயந்து மூட்டை கட்டாதீங்க, சண்டையும் போடாதீங்க, மீன்பிடி பகுதின்னு வச்சிருக்கிற போர்டைக் காட்டுங்க போதும். ஆனா வீசுறதுக்கு முன்னாடி பின்னால குழந்தை கிழந்தை வருதான்னு பாத்துட்டு வீசுங்க.

அறுந்த லைன்

கையோட சுருட்டி எடுத்துட்டு வாங்க. நாரை கால்ல சுத்திக்கிட்டுப் பறக்க முடியாம தவிச்சதை நான் பாத்திருக்கேன், ரெண்டு நாள் சரியா தூக்கமே வரல.